மெட்டுக்கு எந்தக் கம்பி?

விழிதியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய தஞ்சாவூர் வீணை ஒன்று இருக்கிறது. சித்திரை பிறந்தால் அதை ஜன்னலோரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்துவிடுவோம். வெயில் பட்டால் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகி அவை சாய்ந்துவிடும். போன வருஷம், மிச்சமிருந்த பலாக்கட்டையில் உக்குலேலே அளவுக்குச் சின்னதாக நாலு தந்திக் கருவி ஒன்று செய்ய உட்கார்ந்தேன். மரத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்தவன், மெட்டுக்கம்பியைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. கையிலிருந்த கிதார் மெட்டுக்கம்பியை வெட்டி அடித்துவிட்டேன். தந்தியைத் திறந்து மீட்டினால் சுத்தமாக இருக்கிறது. விரல் வைத்தால் எல்லாச் சுரமும் கொஞ்சம் ஏறி நிற்கிறது.

குற்றம் கணக்கில் இல்லை. ஒவ்வொரு மெட்டும் மீதமுள்ள தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்துக் கிடைக்கும் தூரத்தில் அமைய வேண்டும். 350 மில்லிமீட்டர் தந்திக்கு முதல் மெட்டு 19.6 மி.மீ. தள்ளி, பதினோராவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையே 10.4 மி.மீ. இதையெல்லாம் சரியாகத்தான் அறுத்திருந்தேன். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் நீள்கிறது, இறுக்கம் கூடுகிறது, சுருதி ஏறுகிறது. மெட்டு உயரமாக இருந்து விரல் அழுந்திவிட்டால் இன்னும் ஏறும். தந்தி குட்டையாக இருந்தால் இது பல மடங்காகிவிடுகிறது. ஒரே தந்தியை ஒரே இறுக்கத்தில் 650 மி.மீ. கிதாரிலும் 350 மி.மீ. கருவியிலும் கட்டி, அதே ஆழத்துக்கு அழுத்தினால், சின்னதில் சுருதி மூன்று மடங்குக்கு மேல் விலகும். நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அது. பெரிய கருவி பொறுத்துக்கொள்ளும் உயரத்தைச் சின்னது பொறுப்பதில்லை.

அப்படியானால் அவ்வளவு உயரமான மெட்டுகளை வைத்துக்கொண்டு வீணை எப்படிச் சுருதி சுத்தமாகப் பேசுகிறது? அதன் தந்தி நீளம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மெழுகு. தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து தண்டியின் இரு ஓரமும் வரப்பு போலக் கட்டி, அதன்மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். மேளங்கட்டுவது என்று இதற்குப் பெயர். கட்டுகிறவர் அளவுகோலை மட்டும் நம்புவதில்லை. தந்தியை அழுத்தி மீட்டுவார், கேட்பார், மெட்டை மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். அழுத்துவதால் ஏறும் சுருதியையும் சேர்த்தே அவர் காது கேட்கிறது. மெட்டு போய் நிற்கும் இடத்திலேயே அந்தத் திருத்தம் அடங்கிவிடுகிறது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்க அந்த உயரமும் வேண்டும். தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 24 மெட்டுகளோடு எல்லா ராகத்துக்கும் பொதுவான வடிவம் நிலைபெற்றது என்பார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வீணையில் மரவேலையைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கோ அந்த மெழுகுதான் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

என் கருவியில் மெழுகு இல்லை. ஆங்கில 'T' எழுத்துபோல வெட்டுமுகம் கொண்ட கம்பியின் காலை, பலகையில் அறுத்த அரை மி.மீ. சொச்சம் அகலமுள்ள பள்ளத்தில் அடித்து இறக்குகிறோம். இறக்கிய பிறகு நகர்த்த முடியாது. குதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி ஓரளவு சரிக்கட்டலாம், அவ்வளவுதான். ஆகவே கம்பி தாழ்ந்தும் ஒடுங்கியும் இருக்க வேண்டும். மண்டோலின் கம்பியின் தலை ஏறக்குறைய 1.3 மி.மீ. அகலம், கிதாரின் தடித்த ரகம் 2.8 வரை போகும். தடித்த கம்பியின் தலை தேய்ந்து தட்டையானால், தந்தி அதன் உச்சியிலிருந்து கிளம்பாமல் ஓரத்திலிருந்து கிளம்பும். என் கருவியின் பன்னிரண்டாவது மெட்டில் அப்படி அரை மி.மீ. விலகினால், ஒரு அரைச்சுரத்தில் நூற்றில் ஐந்து பங்கு போய்விடும். பழகிய காதுக்கு அது தெரியும்.

இனி உலோகம். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது ஜெர்மன் சில்வர். குங்குமச்சிமிழாகவும் சந்தனக் கிண்ணமாகவும் நம் வீடுகளில் இருக்கிற அதே கலவை. செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்தது. வெள்ளி துளியும் இல்லை. மெட்டுக்கம்பியில் நிக்கல் பெரும்பாலும் 12 முதல் 18 விழுக்காடு. அடுத்தது நம் எவர்சில்வர். இதிலும் வெள்ளி கிடையாது. விக்கர்ஸ் அளவில் முன்னதன் கடினம் சுமார் 200, பின்னது 300. எஃகுத் தந்தி இரண்டையும் விடக் கடினம் என்பதால், தேய்வது எப்போதும் மெட்டுதான். நைலான் தந்தி கட்டினால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. கவரிங் நகை போட்டால் தோல் அரிப்பவர்களுக்கு நிக்கலே இல்லாத பொன்னிறக் கம்பியும் உண்டு: செம்பு, வெள்ளீயத்தோடு கொஞ்சம் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தது.

எங்கள் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடல் சில கிலோமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் உப்பும் ஈரமும் சேர்ந்த காற்றில் பித்தளை மெட்டில் களிம்பு ஏறிவிடும். குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கவும் வழியில்லை, பக்கத்தில் மரம் இருக்கிறது. எவர்சில்வரை அதன் குரோமியப் படலம் காக்கிறது. ஆனால் அது விறைப்பு. வளைக்க அடம்பிடிக்கும், அரத்தை மழுங்கடிக்கும். வீட்டில் ஒரே ஒரு அரம் வைத்திருப்பவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

தடித்த கம்பியை எல்லாம் குறட்டால் பிடுங்கினேன். சில இடத்தில் மரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து வந்தது. பலாத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். நைலான் தந்தி என்பதால் ஒடுங்கிய ஜெர்மன் சில்வரே போதும் என்று முடிவு செய்து, கார்த்திகையில் அடித்து, ஓரங்களை விரலுக்கு உறுத்தாதபடி ராவினேன். சுரங்கள் சேர்ந்தன. பங்குனி வெயிலில் எடுத்தபோது விரலோரம் சுருக்கென்றது. 40 மி.மீ. பலகை அகலத்தில் ஒரு விழுக்காடு சுருங்கினாலே 0.4 மி.மீ. குறையும். மரம் வற்றியிருந்தது, கம்பி இருந்தபடியே இருந்தது. அரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.