தொடங்குதலும் தொடங்கி வைத்தலும்

காவலர் காலையில் பள்ளியின் கதவைத் திறக்கிறார். அமைச்சர் ஒருவர் வந்து பள்ளியின் புதிய கட்டடத்தைத் திறந்து வைக்கிறார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் கற்பிக்காமலே நம் குழந்தைகள் உணர்கின்றனர். 'வை' என்னும் சிறிய துணைவினை, செயலோடு சிறப்பையும் சேர்த்துவிடுகிறது. மலாய்மொழியில் 'புக்கா' என்பது திறத்தல். 'மெராஸ்மிகான்' என்பது முறைப்படி திறந்து வைத்தல். ஆங்கிலத்திலோ இதற்கென ஒரு கூட்டம் வினைச்சொற்கள் உள்ளன. அவற்றுள் எதனை எங்கே ஆள்வது என்பதில்தான் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் மாணவர் பலர் இடறுகின்றனர். விழா அறிக்கை எழுதும்போதும், மேடையேறி வரவேற்புரை ஆற்றும்போதும் ஒரு சொல் பிறழ்ந்தால், நன்கு படித்த பிள்ளையும் அரைகுறையாகப் படித்தவன் போலத் தோன்றிவிடுகிறான்.

'பிகின்', 'ஸ்டார்ட்' ஆகிய இரண்டும் அன்றாடச் சொற்கள். மழை தொடங்குவதற்கும் வகுப்புத் தொடங்குவதற்கும் அவை போதும். 'கமென்ஸ்' என்பதும் அதே பொருளதே. ஆயினும் அலுவலகக் கடிதங்களுக்கே அது பொருந்தும். தாய்க்கு எழுதும் கடிதத்தில் அதனை எழுதுவது வீட்டுக்குள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அமர்வது போன்றது.

'இனாகுரேட்' என்பது வேறு வகை. அது விழாவைக் குறிக்கும் சொல். நம் மாநிலத்து வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்திற்கு 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அடிக்கல் நாட்டினர். 1923 செப்டம்பரில் சரக்கு இரயில்கள் அதன்மேல் ஓடின. அக்டோபர் முதல் நாள் பயணிகளும் சென்றனர். அதிகாரபூர்வத் திறப்பு விழாவோ 1924 ஜூன் 28ஆம் நாள்தான் நடைபெற்றது. இரயில் ஓடத் தொடங்கியதற்குப் 'பிகின்' என்க. ஏறத்தாழ ஒன்பது திங்கள் கழித்து நடந்த விழாவிற்கு 'இனாகுரேட்' அல்லது 'அஃபிஷியலி ஓப்பன்' என்க. இரண்டையும் மாற்றி எழுதினால் வரலாறே பிழையாகிவிடும்.

இச்சொல்லின் பிறப்பும் சுவையானது. பண்டை உரோமாபுரியில் 'ஆகுர்' எனப்பட்ட நிமித்திகர், பறவைகள் பறக்கும் திசையையும் எழுப்பும் ஒலியையும் நோக்கி நல்லது கெட்டது கூறுவர். அவர் சொல் கேட்டே பெருஞ்செயல்களில் இறங்குவர். அந்த 'ஆகுர்' என்பதே 'இனாகுரேட்' என்னும் சொல்லுக்குள் இன்றும் மறைந்திருக்கிறது. நம் முன்னோரும் புள் நிமித்தம் பார்த்தவர்களே, விரிச்சி கேட்டவர்களே. பல்லி சொல்லுக்கு இன்றும் செவி சாய்க்கும் வீடுகள் நம் தோட்டங்களில் இல்லாமலில்லை!

ஆட்களைப் பதவியில் அமர்த்துவதற்கு 'இன்ஸ்டால்' என்னும் சொல் உண்டு. நம் சுல்தான் இப்ராஹிம் அவர்கள் 2024 ஜனவரி 31ஆம் நாள் உறுதிமொழி எடுத்து மாமன்னர் பொறுப்பேற்றார்கள்; அரியணை அமரும் விழா அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள் நடந்தது. 'இன்ஸ்டால்' என்பது அந்த ஜூலைத் திங்கள் விழாவையே குறிக்கும். அமெரிக்க அதிபருக்கு அரியணை இல்லை. அவர் பதவியேற்பை அந்நாட்டார் 'இனாகுரேஷன்' என்பர்.

'லான்ச்' என்பதன் அடிப்பொருள் ஈட்டியைப் போல வீசுதல். கட்டி முடித்த கப்பலை நீரில் இறக்குவதற்கு ஆகி, பின்னர் ஏவுகணைக்கும், நூல் வெளியீட்டிற்கும், புதிய திட்டத்திற்கும் வழங்கலாயிற்று. மலாய்மொழியும் நூல் வெளியீட்டைப் 'பெலஞ்சாரான்' என்கிறது. 'லஞ்சார்' என்றால் விரைவு, தடையின்மை. படகைக் குறிக்கும் 'லான்ச்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல், இந்த மலாய்ச் சொல்லினின்று போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றிருக்கலாம் என அகராதியாசிரியர் கருதுவர். ஆகவே இரண்டு 'லான்ச்'களும் ஒலியில் உடன்பிறப்புகள், பிறப்பில் அயலார்!

'இண்ட்ரடியூஸ்' என்பது உள்ளே அழைத்து வருதல். ஒருவரை மற்றவர்க்கு அறிமுகம் செய்வதற்கும், புதிய பாடத்தைப் புகுத்துவதற்கும் ஆகும். தமிழில் 'பற்றி' என்று வருவதால் 'இண்ட்ரடியூஸ் அபௌட்' என எழுதிவிடுகின்றனர். அந்த 'அபௌட்' வேண்டவே வேண்டா. 'இனிஷியேட்' என்பது முதற்படியில் ஏற்றுதல். விசயதசமியன்று ஏடு தொடங்குவதும் அத்தகையதே.

இனி இலக்கணம். 'தொடங்கிற்று' என்றும் 'தொடங்கி வைத்தார்' என்றும் நாம் பிரித்துச் சொல்வதை, 'பிகின்' ஒன்றே இருபுறமும் தாங்கும். 'இனாகுரேட்' தாங்காது. 'த மீட்டிங் வில் இனாகுரேட் அட் நைன்' என்பது பிழை. கூட்டம் தன்னைத்தானே தொடங்கி வைத்துக்கொள்ளாதன்றோ? யார் தொடங்கி வைக்கிறார், எதனைத் தொடங்கி வைக்கிறார் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை இருந்தால் மட்டுமே அச்சொல்லைத் தொடுக.

தோட்டத்துப் பெற்றோர்க்கு ஒரு செய்தி. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஆனதும் ரப்பர் மரத்தில் முதல் வெட்டுப் போடுகிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்றே பெயர். அங்கே 'இனாகுரேட்' என்று எழுதினால் கிராணியாரே சிரித்துவிடுவார். நாடாவும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. மண்டோர் காட்டிய மரமும் வெட்டுக் கத்தியும் மட்டுமே அங்குண்டு.