ஆண் வேடத்தில் பாலத்தை காத்த பெண்கள்: கைதி பெயரில் சம்பளம் கொடுத்த ஊர்!

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சின்ன ஊர் பெப்பரெல். பாஸ்டனில் இருந்து சுமார் 60 கி.மீ. தூரம். இங்குள்ள பெண்கள் சங்க கிளைக்கு 'புரூடன்ஸ் ரைட்' என்று பெயர். யார் இவர்?

ஊரில் ஆம்பளை இல்லை

1775-ம் ஆண்டு அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் பிடியில் இருந்தது. ஏப்ரல் 19-ந்தேதி லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் ராஜாவின் படைக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் துப்பாக்கி சண்டை மூண்டது. சேதி கேட்டதும் பெப்பரெல் ஆண்கள் துப்பாக்கியை தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டனர்.

அந்த நேரம் பார்த்து, ராஜாவின் ஆட்கள் ரகசிய கடிதங்களோடு இந்த வழியாக பாஸ்டன் போகப் போவதாக தகவல் கசிந்தது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. 34 வயது குடும்பத்தலைவி புரூடன்ஸ் ரைட்டை தலைவியாக்கினர். புருஷனின் உடையை மாட்டினர். துப்பாக்கி, வைக்கோல் வாரும் கவைக்கம்பு என்று கையில் கிடைத்ததோடு ஜூவட் பாலத்தில் காவல் நின்றனர்.

குதிரையில் வந்த லியோனார்டு வைட்டிங்கை மடக்கிப் பிடித்தனர். அவரது பூட்சுக்குள் கடிதங்கள் சிக்கியதாக சொல்வார்கள். கூட வந்தவர் புரூடன்சின் உடன்பிறப்பு என்றும், அவர் குரலைக் கேட்டதும் குதிரையை திருப்பி ஓட்டம் பிடித்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. வைட்டிங் பக்கத்து ஊரான குரோட்டனுக்கு கொண்டு செல்லப்பட்டார். கடிதங்கள் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தன.

பெயர் எங்கே?

1777-ல் ஊர் கூட்டம் போட்டு, காவல் நின்றதற்காக 7 பவுண்டு 17 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுக்க முடிவானது. ஆனால் கணக்கில் எழுதியது என்ன தெரியுமா? 'லியோனார்டு வைட்டிங் காவல் படை'. பிடிபட்டவன் பெயர் ஏறிவிட்டது, பிடித்தவர்கள் பெயர் இல்லை!

பிறகு பாலம் அருகே வைத்த நினைவுக்கல்லிலும் 'திருமதி டேவிட் ரைட்' என்றுதான் உள்ளது. நம்ம ஊர் பத்திரத்தில் 'இன்னார் மனைவி' என்று எழுதுவோமே, அந்த மாதிரி.

சங்கம் வந்த கதை

சுதந்திரப் போரில் பங்கெடுத்தவர்களின் வாரிசுகள் சங்கத்தில் பெண்களை சேர்க்க மறுத்தனர். அதனால் 1890-ல் வாஷிங்டனில் பெண்களே தனியாக 'அமெரிக்க புரட்சியின் மகள்கள்' சங்கத்தை தொடங்கினர். 18 வயது நிரம்பிய, போருக்கு உதவியவரின் நேரடி வாரிசாக இருக்கும் பெண்கள் சேரலாம். பிறப்பு, திருமண, இறப்பு பதிவுகளை வைத்து தலைமுறை தலைமுறையாக நிரூபிக்க வேண்டும். கிளைகளுக்கு பெரும்பாலும் அந்தந்த பகுதி வரலாற்றில் இருந்து பெயர் எடுப்பது வழக்கம்.

பெப்பரெல் பெண்கள் எடுத்தது கைதி பெயரும் இல்லை, கணவர் பெயரும் இல்லை. பாலத்தில் நின்றவரின் சொந்தப் பெயர். அந்த இடத்தில் இப்போது கூரை போட்ட பாலம் இருக்கிறது. கீழே அதே நாஷுவா ஆறு.