ஒரு தாளும் ஓர் உரிமையும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னையையும் சுற்றுப்புற மாவட்டங்களையும் பெருவெள்ளம் சூழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். வெள்ளம் வடிந்து வீடு திரும்பிய பலர், பெட்டியில் வைத்திருந்த பள்ளிச் சான்றிதழும், குடும்ப அட்டையும், நிலப் பத்திரமும் கூழாகிக் கிடப்பதைக் கண்டனர். அரசு சிறப்பு முகாம்களை நடத்தி அவற்றுக்கு மாற்று நகல்களை வழங்கியது. இது எவ்வாறு இயன்றது? ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருந்தது. அந்தப் பதிவேடு நனையாமல் தப்பியிருந்தது. அவ்வளவுதான்.

இப்போது இன்னொரு கேள்வியையும் எண்ணிப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பதிவேட்டை அலுவலகம் வைத்திருக்கும். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பதிவேடு யாரிடம் இருக்கும்? அது வேண்டுமென்று கேட்டால் யார் எடுத்துத் தருவார்கள்? இக்கேள்விக்கு விடையாக நிற்பவைதாம் மாநில நூலகமும் ஆவணக் காப்பகமும்.

நூலகம் வேறு, காப்பகம் வேறு

இரண்டிலும் பழைய தாள்கள்தாமே இருக்கின்றன என்று நினைக்கலாம். ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. நூலகத்தில் இருப்பது அச்சிட்டு வெளியிடப்பட்ட நூல். அதற்குப் பல பிரதிகள் உண்டு. ஒன்று போனால் மற்றொன்றைத் தேடலாம். காப்பகத்தில் இருப்பதோ, அலுவல் நடந்தபோது அதன் போக்கில் தோன்றிய கடிதம், கணக்கு, ஆணை, வரைபடம் ஆகியவை. பெரும்பாலும் அதற்கு ஒரே பிரதிதான். அது போனால் போனதுதான்.

அடுக்கும் முறையும் வேறு. நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவர். வேளாண்மை ஓரிடம், வானியல் ஓரிடம் என்று இருக்கும். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர் என்பது நாம் அறிந்ததே. காப்பகத்திலோ பொருள்வாரியாகப் பிரிக்கவே கூடாது. எந்த அலுவலகம், எந்த நாளில், எந்த வரிசையில் கோப்பை உண்டாக்கியதோ அந்த வரிசையையே காக்க வேண்டும். ஏரி பற்றிய கடிதங்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டினால் வசதிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு கடிதத்தை அதன் கோப்பிலிருந்து பிரித்துவிட்டால், அதை யார் எழுதினார், எதற்கு மறுமொழியாக எழுதினார், அதன்மேல் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பவை மறைந்துவிடும். தாள் இருக்கும், அதன் சாட்சித் தன்மை இராது.

எழும்பூரில் இரு கட்டடங்கள்

சென்னை எழும்பூரில் இவ்விரண்டையும் நீங்கள் நேரில் காணலாம். அருங்காட்சியக வளாகத்தில் உள்ள கன்னிமாரா பொது நூலகத்துக்கு 1890இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1896 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியதன் பயனாக, 1950இல் இது மாநில மைய நூலகமாயிற்று. அச்சட்டத்தின்படி சொத்து வரியுடன் நூலக வரியும் வாங்கப்படுகிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கும் நூலில் உங்கள் வீட்டாரின் பங்கும் உண்டு என்பதை மறவாதீர்கள்.

1954ஆம் ஆண்டில் நடுவண் அரசு மற்றொரு சட்டம் இயற்றியது. இந்தியாவில் ஒருவர் நூல் வெளியிட்டால், 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே ஒவ்வொரு பிரதியைக் குறிப்பிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தா, மும்பை, தில்லி ஆகிய நகரங்களில் உள்ளவை மூன்று, நான்காவது கன்னிமாரா. 1956இல் செய்தித்தாள்களும் பருவ இதழ்களும் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்டன. கடையில் கிடைக்காத, பதிப்பகமே மறந்துபோன ஒரு நூலை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் தேடிப் படிக்க வழி இருப்பது இதனால்தான்.

எழும்பூரிலேயே, 1909இல் எழுப்பப்பட்ட செங்கற் கட்டடத்தில் இருக்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முன்னர் இதைச் சென்னை ஆவண அலுவலகம் என்பர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையில் எழுதத் தொடங்கிய ஏடுகள் முதல் பல துறைகளின் ஆவணங்கள் இங்கு உள்ளன. டச்சுக் கம்பெனியின் ஆவணங்களும் உண்டு. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் டச்சுக் கம்பெனி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் 'உலக நினைவகம்' பதிவேட்டில் சேர்த்தபோது, சென்னையில் உள்ள பகுதியும் அதில் இடம்பெற்றது.

பழைய தாளுக்கு இன்று என்ன வேலை?

வரலாற்று ஆய்வாளருக்கு மட்டுமே இவை பயன்படும் என்பது தவறான எண்ணம். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. கோயில்கள், சத்திரங்கள், ஊர்ப்பணி செய்வோர் ஆகியோருக்கு வரியின்றியோ குறைந்த வரிக்கோ விடப்பட்டிருந்த நிலங்களை அது ஊர்வாரியாக ஆராய்ந்து பதிவேடுகளில் எழுதிற்று. இன்று ஒரு கோயில் நிலம் பற்றியோ குடும்ப நிலம் பற்றியோ வழக்கு எழுந்தால், அப்பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகல் நீதிமன்றத்தில் முன்வைக்கப்படுகிறது. எழுதியவரும் இல்லை, கையொப்பமிட்டவரும் இல்லை. தாள் மட்டும் வந்து சாட்சி சொல்கிறது.

அத்தாளை எதை நம்பி ஏற்பது? முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம் முறையான காவலிலிருந்து வந்தால், அது உண்மையானது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என நம் சாட்சியச் சட்டம் கூறுகிறது. 'முறையான காவல்' என்னும் சொற்களைக் கவனியுங்கள். தாள் பழையதாக இருந்தால் மட்டும் போதாது. அது யார் கையில் எவ்வாறு இருந்தது என்பதும் தெரிய வேண்டும். காப்பகம் செய்யும் பொதுத் தொண்டின் உயிர்நாடி இதுவே.

ஆற்று நீருக்கும் இது பொருந்தும். முல்லைப் பெரியாறு அணைக்கு அடிப்படை, 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அது விரிவாக ஆராயப்பட்டது. காவிரி வழக்கில் 2018இல் அளிக்கப்பட்ட தீர்ப்பிலும் 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் அலசப்பட்டன. இலட்சக் கணக்கான ஏக்கர் வயல்களின் வழக்கை, நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான சில தாள்களை விலக்கிவிட்டுப் பேச முடியவில்லை.

தாளின் பகைவர்கள்

இவ்வளவு வேலை செய்யும் தாள் எளிதில் அழியக் கூடியது. அதன் உடலாக இருப்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக் கணக்கில் சங்கிலிபோலக் கோத்திருப்பதே செல்லுலோஸ் மூலக்கூறு. சங்கிலி நீளமாக இருக்கும்வரை தாள் மடித்தாலும் முறியாது. அமிலமும் ஈரமும் சேர்ந்தால் சங்கிலியின் கண்ணிகள் அறுபடும். இதை நீராற்பகுப்பு என்பர். சங்கிலிகள் குறுகக் குறுகத் தாள் அப்பளம்போல் நொறுங்கும்.

அமிலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தாளுக்குள்ளிருந்தே வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பருத்தி, சணற்பட்டு ஆகியவற்றின் கந்தல் துணியிலிருந்து தாள் செய்தனர். அதன் இழைகள் நீண்டவை, வலியவை. பிறகு தேவை பெருகியதால் மரக்கூழ் வந்தது. மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்த்தனர். படிகாரம் ஈரத்துடன் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அரைத்த மரக்கூழில் எஞ்சியுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளி பட்டு மஞ்சளாகும். ஆகவேதான் 1780இல் எழுதிய ஏடு வெண்மையாகவும், 1930இல் அச்சிட்ட நூல் பழுப்பேறி நொறுங்குவதாகவும் இருப்பதைக் காண்கிறோம். புதியது முன்னே சாகிறது!

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செய்தித்தாளிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றைத் தடித்த புத்தகத்துக்குள் வையுங்கள்; மற்றொன்றை வெயில் படும் சன்னலில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

மையும் சில வேளைகளில் பகையாகும். மாசிக்காய்ச் சாற்றுடன் அன்னபேதி கலந்து செய்த கறுப்பு மை ஐரோப்பியர் ஏடுகளில் மிகுதியாக வழங்கியது. அன்னபேதி என்பது இரும்பின் சல்பேட்டு. அது மிகுந்துவிட்டால், எழுத்து இருந்த இடத்தில் தாள் அரித்து எழுத்தின் வடிவிலேயே துளை விழும். இவற்றுடன் கரையான், இராமபாணம், பூஞ்சை ஆகியவையும் சேர்கின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கடற்கரையில் அமைந்த சென்னையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

தாளுக்கு வைத்தியம்

அமிலத்துக்கு மாற்று காரம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநில நூலகக் கட்டடத்திலேயே பணிமனை வைத்திருந்த வில்லியம் பாரோ என்பவர் 1940-களில் இவ்வழியில் ஆய்வு செய்தார். படிகாரம் சேர்த்த தாள்கள் எவ்வளவு விரைவாக வலுவிழக்கின்றன என்பதை 1950-களில் அவர் செய்த சோதனைகள் உலகுக்கு உணர்த்தின. சுண்ணாம்புச் சத்துள்ள தெளிநீரில் தாளை நனைத்து எடுத்தால் அமிலம் நீங்கும். உலர்ந்தபின் சிறிதளவு கால்சியம் கார்பனேட்டு இழைகளுக்கிடையே தங்கி, பின்னர்த் தோன்றும் அமிலத்தையும் அடக்கும். முதலில் மை கரையுமா என்று பார்த்த பின்னரே இதைச் செய்வர்.

கிழிந்த தாளுக்கு ஒட்டுப் போடுவதும் ஒரு கலை. இழை நீண்ட மெல்லிய தாளை மாவுப் பசையால் ஒட்டுவர். நாம் வீட்டில் பயன்படுத்தும் ஒளிபுகும் ஒட்டுநாடாவைக் காப்பகத்தில் தொடவே மாட்டார்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்கவும் வராது. செய்த வைத்தியத்தைப் பின்னாளில் நீக்க முடிய வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. மாவுப் பசை நீர் பட்டால் விட்டுவிடும்.

ஒற்றைப் பிரதியின் அபாயம்

எவ்வளவு பேணினாலும் ஒரு பொருள் ஓரிடத்தில் மட்டுமே இருந்தால் அது அபாயத்தில்தான் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றை வேறிடங்களிலிருந்து மீண்டும் திரட்ட முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடிகளை எங்கிருந்து திரட்டுவது?

ஆகவே படியெடுத்து வேறிடத்திலும் வைக்கிறார்கள். நுண்படச் சுருள் பழைய முறை. அதை ஓர் ஆடியும் விளக்கும் இருந்தாலே படிக்கலாம். இன்றைய முறை கணினிப் படம். இதில் வசதி மிகுதி. உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். ஆயினும் ஒரு கண்ணி உண்டு. 1990-களில் நாம் பயன்படுத்திய நெகிழ்வட்டுகளை இன்று எந்தக் கணினியில் செருகுவது? கணினிப் பதிவுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனத்துக்கும் புதிய வடிவத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கந்தல் தாள் முந்நூறு ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தும் பிழைத்தது. கணினிக் கோப்பு முப்பது ஆண்டுகள் கவனிக்கப்படாவிட்டால் பிழைப்பது ஐயமே. எனவே படியெடுத்துவிட்டோம் என்று மூலத்தைக் கைவிடுவது பேதைமை.

நீங்கள் செய்யக்கூடியது

எல்லாத் தாள்களையும் காக்க முடியாது, காக்கவும் தேவையில்லை. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று கோப்புகளை வகைப்படுத்தும் வழக்கம் தமிழக அலுவலகங்களில் உண்டு. எதை அழிப்பது, எதை வைப்பது என்பதைப் பிரிப்பது ஓர் எழுத்தரின் சிறிய குறிப்பு. அதில் நேரும் பிழையால் ஒரு குடும்பத்தின் சான்று காணாமற் போகலாம். ஒவ்வோர் அரசு அமைப்பும் தன் ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்பதை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தன் 4ஆம் பிரிவிலேயே கடமையாக விதித்திருப்பது இதனால்தான். அட்டவணையில் இல்லாத தாளைக் கேட்டுப் பெற எந்த உரிமையாலும் முடியாது.

காப்பகத்துக்குச் செல்பவர் 'எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. எந்தத் துறை, எந்த ஆண்டு, ஆணை எண் என்ன என்று கேட்டால் எளிதில் கிடைக்கும். முன்னமே சொன்னபடி, அங்கே தாள்கள் அலுவலக வரிசையில் இருக்கின்றன. எண்ணும் நாளும் தெரியாவிடில், அந்தந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதிகளில் ஊர்ப் பெயரைக் கொண்டு தேட வேண்டும். முதலில் நூலகத்தில் மாவட்ட விவரச் சுவடிகளையும் பழைய அறிக்கைகளையும் புரட்டினால் ஆண்டும் எண்ணும் அகப்படக்கூடும். நூலகமும் காப்பகமும் ஒன்றுக்கொன்று துணையாவது இவ்வாறே.

உங்கள் வீட்டுக்கு வரும் அரசுக் கடிதம் எதையும் எடுத்துப் பாருங்கள். மேலே 'ந.க. எண்' என்றோ 'அரசாணை எண்' என்றோ ஓர் எண்ணும், அருகில் நாளும் இருக்கும். அவ்விரண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, கடிதத்திலிருந்து தனியாக வேறிடத்தில் வையுங்கள். கடிதம் வெள்ளத்தில் போனாலும், அந்த எண்ணைச் சொல்லி அதன் மூலத்தைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கும்.