கால்சியம் ஹைட்ரைடு: நீர் அணைக்காத தீ

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தொடக்க வகுப்பிலேயே சொல்லித் தருகிறோம். விறகுக்கும் காகிதத்துக்கும் அது சரி. எண்ணெய்த் தீக்கும் மின்சாரத் தீக்கும் அது பொருந்தாது என்பதைப் பின்னர் சேர்த்துச் சொல்கிறோம். இந்தப் பட்டியலில் மேல்நிலை மாணவர்கள் அறிய வேண்டிய இன்னொரு வகையும் உண்டு. அவைதாம் உலோக ஹைட்ரைடுகள். அவற்றுள் கால்சியம் ஹைட்ரைடை எடுத்துக்கொள்வோம்.

எப்படிப்பட்ட பொருள்?

கால்சியத்தை ஹைட்ரஜன் வாயுவில் 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் இச்சேர்மம் கிடைக்கிறது. தூய நிலையில் வெண்மையானது; கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் நிறமானது.

சேர்மங்களில் ஹைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் +1 என்று மாணவர்கள் பழகியிருப்பார்கள். இங்கு அது -1. கால்சியம் இழக்கும் இரண்டு எலக்ட்ரான்களை, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஆளுக்கு ஒன்றாகப் பெறுகின்றன. இவ்வகை எதிர்மின் ஹைட்ரஜன் அயனி உண்டு என்பதை 1920-இல் மோயர்ஸ் உறுதி செய்தார். உருகிய லித்தியம் ஹைட்ரைடை அவர் மின்னாற்பகுத்தபோது, ஹைட்ரஜன் நேர்மின்வாயில் வெளியேறியது. நீரை மின்னாற்பகுக்கும்போது அது எதிர்மின்வாயில் அல்லவா வெளியேறும்? இந்த ஒப்பீட்டை வகுப்பில் கேள்வியாகவே வைக்கலாம்.

நீருடன் வினை

கால்சியம் ஹைட்ரைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு + ஹைட்ரஜன்

ஹைட்ரைடின் எதிர்மின் ஹைட்ரஜனும் நீரின் நேர்மின் ஹைட்ரஜனும் இணைந்து வாயுவாகின்றன. 42 கிராம் சேர்மம் 2 மோல் ஹைட்ரஜனைத் தரும். அதாவது திட்ட வெப்ப அழுத்த நிலையில் 44.8 லிட்டர். ஒரு கிராமுக்கு ஒரு லிட்டருக்கும் சற்று அதிகம்! 40 கிராம் கால்சியம் உலோகம் நீருடன் தருவது 22.4 லிட்டர்தான். ஏன் இரு மடங்கு? பாதி ஹைட்ரஜன் நீரிலிருந்தும் மறுபாதி சேர்மத்திலிருந்தும் வருகிறது.

இந்த ஒரே வினைதான் இதன் பயனுக்கும் ஆபத்துக்கும் காரணம்.

பயன்கள்

எடை குறைந்த திண்மத்திலிருந்து நிறைய ஹைட்ரஜன் கிடைப்பதால், வானிலை பலூன்களை நிரப்ப இது பயன்பட்டது. டொலுயீன், பிரிடின் போன்ற கரைப்பான்களில் எஞ்சியிருக்கும் நீரை நீக்கவும் உதவுகிறது. ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடும். ஹைட்ராக்சைடு திண்மமாகத் தங்கிவிடும். கரைப்பானை வடித்து எடுத்துக்கொள்ளலாம். டைட்டானியம், சிர்கோனியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளை ஒடுக்கி உலோகத்தூள் பெறவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆபத்துகள்

நீருடன் வினைபுரியும்போது வெப்பமும் வெளிப்படுகிறது. காற்றில் கன அளவில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் அது தீப்பற்றக்கூடும். எனவே காற்றின் ஈரம் புகாத கலனில்தான் இதை வைக்க வேண்டும். வியர்வை ஈரமே தோலைப் புண்ணாக்கப் போதும். தோலில் பட்டால் முதலில் தூளை உலர்வாகத் தட்டிவிட்டு, பிறகு நிறைய நீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் உடனே நீரால் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தீப்பற்றினால் நீர், நுரை, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் எதையும் பயன்படுத்தக் கூடாது. உலர்ந்த மணலையோ உலோகத் தீக்கான தனித் தூளையோ கொட்டி மூட வேண்டும்.

வகுப்பறையில்

இதைப் பள்ளியில் செய்துகாட்டத் தேவையில்லை. மேற்கண்ட கணக்கே போதும். ஆனால் மண்ணெண்ணெயில் வைத்த சோடியம் நம் ஆய்வகத்தில் இருந்தால், இதே எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். சிவப்பு வாளியில் உள்ள மணலை ஒருமுறை கையில் அள்ளிப் பாருங்கள். மழைச்சாரலில் நனைந்த மணல் இந்தத் தீயில் உதவாது. ஆபத்தைக் கூட்டவே செய்யும். வாளி மூடியுடன் இருக்கிறதா, மணல் உலர்ந்திருக்கிறதா எனப் பார்க்கும் பொறுப்பை மாணவர் குழு ஒன்றிடம் தரலாம். ஏன் உலர்ந்திருக்க வேண்டும் என்பதை அவர்களே மற்றவர்களுக்கு விளக்கட்டும்.