குரு இல்லாத கோயிலும் குரல் குறைந்த கோயிலும்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலம் என்றால் முன்பு வியாகுலப் பிரசங்கம். இராகம் தெரிந்த பெரியவர் ஒருவர் ஆண்டவருடைய பாடுகளை இழுத்து வாசிப்பார். சனம் முழந்தாளில் இருந்து கேட்கும். இடையிடையே எல்லோரும் சேர்ந்து செபிப்பார்கள். கேட்டுக் கேட்டே எழுத்தறியாத கிழவிகளுக்கும் அது மனப்பாடம். அதை எழுதியவர் 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள்.

அந்தப் பழக்கத்தின் வேர் ஒல்லாந்தர் காலத்தில் இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போனதும் குருமார் துரத்தப்பட்டார்கள். குருவுக்கு ஒளிவிடம் கொடுப்பதே மரண தண்டனைக் குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசையே இல்லை. 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்தே தம் சனத்தை இனங்கண்டார். குரு முகமே காணாத ஒரு தலைமுறைக்குச் செபமாலை தெரிந்திருந்தது! சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. தாம் இல்லாத நாட்களிலும் செபம் நடக்கவேண்டும் என்று ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். திருச்சபையைக் காத்தது அந்தப் பொதுநிலையினரின் வாய்தான் என்பேன். தடைகள் நீங்க 1806 ஆயிற்று.

பிறகு குருமாரும் பெருங்கோயில்களும் வந்தன. பூசை மட்டும் லத்தீனில் நடந்தது. பலர் செபமாலை உருட்டியபடி இருந்தார்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிதிறந்த பின் பீடத்திலும் தமிழ் ஒலித்தது. இது பெரிய பேறு. வேதவசனம் இன்று சிறுபிள்ளைக்கும் விளங்குகிறது.

போர்க்காலத்திலும் செபம் நிற்கவில்லை. 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. சனம் போன இடத்தில் செபமாலையும் போனது.

இன்றைக்குக் கீபோர்ட் இருக்கிறது, திரையில் பாட்டு வரி தெரிகிறது, திருவிழாப் பூசையை ரொறன்ரோவில் இருந்தே பார்க்கலாம். ஆனால் பாடகர் குழு பாடச் சனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. மாலைச் செபத்துக்கு வீட்டில் எல்லோரும் கூடுவது அருகிவிட்டது. கேட்கிற விசுவாசத்தைவிடச் சொல்கிற விசுவாசம் ஆழமாக இறங்கும் என்றே நான் நம்புகிறேன். அதனால்தான் 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் காட்சிகள் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. பேதுருவாக நடிக்கிற பெடியன் மறுதலிப்பின் கண்ணீரைத் தன் வாயாலேயே சொல்லிப் பழகுகிறான்.

வியாகுலப் பிரசங்கத்தின் இராகம் தெரிந்தவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் பங்கில் ஒருவர் இருந்தால், வருகிற தவக்காலத்தில் இரண்டு பிள்ளைகளை அவர் பக்கத்தில் இருத்துங்கள்.