வேகத்தை நீங்களே முடிவு செய்யலாம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள மலையூர் வெர்னன். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்குக் கூட்டம் வரும். கோடையில் சரிவுகள் வெறிச்சோடிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சரிவுகளில் 1978இல் ஜீன் மல்விஹில் என்ற தொழிலதிபர் தொடங்கியதுதான் ஆக்‌ஷன் பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா.

அங்கே வேகத்தை முடிவு செய்தவர் விளையாட வந்தவரே. மலைச்சரிவில் நீண்டு இறங்கும் கான்கிரீட் தடத்தில் சிறு சறுக்குவண்டியில் உட்கார்ந்து பாய வேண்டியிருந்தது. வேகத்துக்கும் பிரேக்குக்கும் ஒரே கைப்பிடிதான். விழுந்தால் தோல் வழண்டுவிடும். 1980இல் 19 வயது இளைஞர் ஒருவர் தடத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு, பாறையில் தலை மோதி இறந்தார்.

ஆளைத் தலைகீழாகச் சுழற்றி அனுப்பும் வளைய நீர்ச்சறுக்கு 1985இல் ஏறக்குறைய ஒரு மாதமே திறந்திருந்தது. செயற்கை அலைக்குளத்திலோ, மூழ்குகிறவர்களை உயிர்காப்பாளர்கள் ஓயாமல் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். ஊருக்குக் கூடுதல் ஆம்புலன்ஸ்களைப் பூங்காவே வாங்கிக் கொடுத்தது என்றால் நிலைமை புரியும்.

குறைந்தது ஆறு பேர் உயிரிழந்தனர். 1996இல் பூங்கா மூடப்பட்டது.

ஆனாலும் அன்று பதின்வயதில் இருந்தவர்கள் அங்கே பெற்ற தழும்புகளை இன்றும் பெருமையோடு காட்டுகிறார்கள். பெரியவர்களின் கண்டிப்பு எட்டாத அந்தக் கோடைகளின்மேல் அவர்களுக்கு அத்தனை பிரியம்! 2020இல் வெளிவந்த 'கிளாஸ் ஆக்‌ஷன் பார்க்' ஆவணப்படம் இந்த ஏக்கத்தை விரிவாகக் காட்டுகிறது. மகனை அங்கே பறிகொடுத்த குடும்பத்தின் துயரத்துக்கும் அதே அளவு மதிப்புக் கொடுத்ததுதான் அந்தப் படத்தின் பெரும் பலம்.