மாமாவுக்கு எந்த லேத் சரி?

சுங்கைப் பட்டாணியில் என் மாமாவின் கடைசல் பட்டறைச் சுவரில் ஒரு பள்ளம் இருக்கிறது. மேளக் கட்டைக்காகப் பலாமரத் துண்டு ஒன்றைச் சுற்றவிட்டபோது பழைய லேத் ஆடிப்போய், கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து அடித்த இடம் அது. மாமா ஓர் அடி தள்ளி நின்றிருந்தார்.

"பெரிய லேத்தா பாரும்மா, வாங்கிடலாம்" என்றார் அன்று இரவு. பணம் அவருடைய இபிஎஃப் சேமிப்பு. பீடோங் பக்கம் தோட்ட லயத்தில் பிறந்தவர். பாட்டி பால் வெட்டிய மரங்களை 25, 30 வருஷத்தில் சாய்த்து மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் அவை விறகுதான். எண்பதுகளில் அதே பால்மரம் மரச்சாமான் ஆனபோது, தொழிற்சாலையில் நாற்காலிக் கால் கடையப் போனவர் மாமா.

வானொலியில் பேசத் தெரிந்த எனக்கு லேத் தெரியாது. படித்ததில் முதலில் சறுக்கியது அளவில். கனடாவின் ஒன்வே 2436 என்றால் 24 அங்குல அகலக் கட்டை சுற்றும், இரண்டு முனைக்கும் நடுவில் 36 அங்குலம். ஆஸ்திரேலியாவின் விக்மார்க் விஎல்300-ஐ, 300 மில்லிமீட்டர்தானே என்று ஒதுக்கிவிட்டேன். அது அச்சிலிருந்து படுக்கை வரை உள்ள உயரமாம். இரட்டித்தால் 600, அதாவது ஒன்வேயோடு கிட்டத்தட்ட சமம்! உளி தாங்கும் பாஞ்சோ படுக்கைமேல் உட்காருவதால், நீளக் கட்டைக்கு இந்த அளவு இன்னும் குறையும் என்று மாமாதான் சொல்லித் தந்தார்.

அடுத்தது வேகம். 50 சென்டிமீட்டர் அகலக் கட்டை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 94 கிலோமீட்டரில் ஓடும். நெடுஞ்சாலைக் கார் வேகம்! கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அங்குல அகலத்தைச் சுற்றால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் நிற்கவேண்டும். 20 அங்குலத்துக்கு 300 முதல் 450 சுற்று. சமன் இல்லாத கரடுமுரடுக் கட்டைக்கு அதற்கும் கீழே. மாமாவின் பழைய லேத்தில் ஆகக் குறைந்த வேகமே 650. பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

அதனால் வேகத்தைத் திருகிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கட்டாயம். வீட்டு ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டவும் அதுவே உதவும்.

தலைப்பகுதி விஷயத்தில்தான் எங்களுக்குச் சண்டை. நகராத தலை இறுக்கமானது, அதிர்வு குறைவு என்பது என் கட்சி. பவர்மேட்டிக் 3520-இல் தலை படுக்கைமேல் நகரும். வால்பகுதியைக் கழற்றிவிட்டுத் தலையைக் கடைசிவரை தள்ளினால், மேளத்தின் வாய்க்கு நேரே நின்று குடையலாம். இல்லையென்றால் படுக்கைமேல் குனிந்தே நிற்கவேண்டும். "குனியறது நீயா, நானா?" என்றார் மாமா. அறுபத்திரண்டு வயது முதுகு. நான் வாயை மூடிக்கொண்டேன். அதில் 20 அங்குலம்தான் சுற்றும். அவர் கடையும் மேளக் கட்டைக்கு அது தாராளம்.

எடை 300 கிலோவுக்கு மேல். வார்ப்பிரும்பு கனத்தால்தான் ஆடாது. ஆனால் பட்டறைத் தரை வெறும் மண். இப்போதைக்கு லேத்தை ஓரமாக வைத்துவிட்டு, சிமெந்துத் தளத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.